வாடையில்லாத பசை

நான் பசை செய்கிறவள். என்ன வேலை என்று யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். கோபர்கைரனேயில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. செருப்பு, பை, பெல்ட், சோபா மெத்தை, காரின் உள்கூரை என்று எதையும் எதனோடும் ஒட்டவைக்கிற பசையை டிரம் டிரம்மாகத் தயாரித்து அனுப்புகிறோம். மாட்டுங்காவில் இருக்கும் என் அம்மாவுக்கு இதைச் சொல்ல வெட்கம். அக்கம்பக்கத்தில் "பொண்ணு கெமிக்கல் கம்பெனியிலே ஆபீசராக்கும்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்குப் பசை என்றால் மைதா மாவைக் காய்ச்சுவது. அதற்கு எதற்கு எம்.எஸ்ஸி.?

வீட்டருகே சுனாபட்டியில் ரயில் ஏறி, வாஷியில் மாறி, கோபர்கைரனேயில் இறங்கினால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஃபேக்டரி வாசலிலேயே டொலுயீன் என்கிற கரைப்பானின் வாடை வரவேற்கும். ரப்பரை அரைத்து, டொலுயீனில் கரைத்து, பிசினும் மற்றதும் சேர்த்தால் பசை. தீப்பொறி வராத மோட்டார்கள், கூரையில் பெரிய பெரிய எக்ஸாஸ்ட் விசிறிகள், ஆளுக்கொரு முகமூடி என்று எல்லாம் உண்டு. எங்களிடம் இருக்கும் வரை அதை அவ்வளவு பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம். டின்னில் அடைத்து வெளியே போன பிறகு அது எந்த அறையில் திறக்கப்படுகிறது என்பதை நான் அதிகம் யோசித்ததில்லை, தாராவியிலிருந்து அந்தப் புகார் வரும் வரை.

மழை தொடங்கியிருந்த சமயம். சேல்ஸில் இருப்பவர் வந்து, தாராவியில் லெதர் பை செய்கிற ஒரு அம்மா ஃபோனில் கத்துகிறார், உன் பாஷைக்காரர், நீயே போய்ப் பார்த்துவிடு என்று இந்தியில் சொன்னார். சின்ன கம்பெனியில் புகார் பார்ப்பதும் ஆய்வுக்கூடத்து வேலைதான். மறுநாள் காலை ஃபேக்டரிக்குப் போகாமல் சயானில் பஸ் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நடந்தேன்.

கீழே ஒரு அறை. அதில் மூன்று தையல் மெஷின்கள், லெதரின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஒரு மெஷின். மூலையில் இரும்பு ஏணி. அதில் ஏறினால் மேல் தட்டு. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பசை தடவுகிற வேலை முழுக்க அங்கேதான். மழைச்சாரல் அடித்து லெதர் நனைந்துவிடும் என்று இருந்த ஒரே ஜன்னலையும் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தார்கள்.

பட்டறைக்கார அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கல்யாணமாகி வந்த நாள் முதல் தாராவிதான். கணவர் லெதர் வாங்குவது, வெட்டுவது, பைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது. நாத்தனார் தையல். பசை மட்டும் அக்காவின் கை. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"வாங்க மேடம். இந்தத் தடவ வந்த டின்ன மோந்து பாருங்க. ஒரு வாடையும் இல்ல. தண்ணிய ஊத்தி அனுப்பிருக்கீய."

மூடியைத் திறந்தேன். மூக்கில் அறைந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் நிஜமாகத்தான் இருந்தது.

"அக்கா, நன்னா வாடை வரதே. உங்களுக்கு வரலையா?"

"வருதா?" என்றவர் ஏணியில் பாதி ஏறி நின்ற கணவரைப் பார்த்தார். "மச்சான், உங்களுக்கு வருதா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "எனக்கு ஏணில கால் வைக்கும்போதே வருது."

கீழே மெஷினிலிருந்து நாத்தனார் தலையைத் தூக்கினாள். "மதினி, எனக்குத் தெரு முக்குலயே வருது."

அக்கா டின்னை மூடி வைத்தார். கீழே இறங்கிப் போனார். ஊதுபத்திக் கட்டு, பெருங்காய டப்பா, காபித்தூள் டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். கடைசியில் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து நன்றாக முகத்தை அதற்குள் புதைத்தார். பிறகு அதை மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அதான் பாத்தேன். இந்த வருசம் மழைக்குச் சாக்கட நாறவே இல்லியே, நல்லா தூர் வாரிட்டாவ போலன்னு நெனச்சேன்."

நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் ஊதுபத்திக் கட்டை மறுபடியும் எடுத்து மோந்து பார்த்தார்.

அந்த வாரமே கணவர் அவரை மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார். சளி இல்லை, சதை வளரவில்லை. என்ன வேலை என்று கேட்டிருக்கிறார் டாக்டர். சொன்னதும், முதலில் அந்த வாடையிலிருந்து வெளியே வாருங்கள், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம்.

"வெளிய வான்னா எங்க வர?" என்று ஃபோனில் கேட்டார் அக்கா. "பச இல்லாம பை எப்படிச் செய்ய?"

அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. ஒரு வருடமாக ஆய்வுக்கூடத்தில் தண்ணீரில் கரைந்த பசை ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். டொலுயீன் இல்லை. பால் போல வெள்ளையாக இருக்கும். காய்ந்தால் கண்ணாடி போல ஆகிவிடும். ஒட்டிய துண்டுகளை இழுத்துப் பார்க்கும் மெஷினில் பழைய பசைக்கு ஈடாகவே நின்றது. ஏற்றுமதி செய்கிற பெரிய செருப்பு ஃபேக்டரிகளுக்கு விற்கலாம் என்பது எங்கள் முதலாளியின் கணக்கு. ஒரு சின்ன கேனில் ஊற்றிக்கொண்டு மீண்டும் தாராவிக்குப் போனேன்.

லெதரில் தடவினோம். காத்திருந்தோம். டீ வந்தது, குடித்தோம். வெள்ளையாகவே இருந்தது. நாத்தனார் ஒரு பையின் உள்துணியைத் தைத்து முடித்துவிட்டாள். வெள்ளையாகவே இருந்தது. என் ஆய்வுக்கூடத்தில் ஏ.சி. உண்டு, அங்கே சட்டென்று காய்ந்துவிடும். இங்கே ஜூலை மாதம், ஓயாத மழை, காற்று நுழையாத தட்டு. தண்ணீர் எங்கே போகும்?

"என்ன மேடம், இட்லி மாவு மாதிரி பொங்கட்டும்னு வச்சிருக்கீயளா?" என்றார் அக்கா. காயாமலே ஒட்டிப் பார்த்ததில் இரண்டு துண்டுகளும் வழுக்கிக்கொண்டு தனித்தனியாகப் போயின. அவர் கேனை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு பெரிய ஆபீஸிலிருந்து தீபாவளிக்குக் கொடுக்க லேப்டாப் பைகள் கேட்டிருந்தார்கள். அந்த வேலை தலைக்கு மேல் நின்றது. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பழைய டின்னைத் திறந்தார். நான் கேனோடு மழையில் திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலை காயவில்லை என்று ஹேர் டிரையரைப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த சப்தத்தைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்றார். நான் நிறுத்தினேன், ஆனால் வேறு காரணத்துக்காக. இதே மாதிரிப் பசையில் ஒரு வகை உண்டு. காய்ந்த பிறகு சூடு காட்டினால்தான் உயிர் வரும். சூடு இருக்கும்போதே அழுத்திவிட்டால் பிரியாது. செருப்பு ஃபேக்டரிகளில் அதற்கென்று பெரிய அடுப்புகள் இருக்கின்றன. தாராவியில் அடுப்புக்கு இடமில்லை. ஆனால் கையில் பிடிக்கிற ஒன்று போதுமே! காய வைப்பதும் அதுவே, உயிர் கொடுப்பதும் அதுவே.

மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த வகைப் பசையையும் ஹேர் டிரையரையும் பையில் போட்டுக்கொண்டு போய், டின்களை எல்லாம் மூடச் சொல்லிவிட்டு, வாசலில் வைத்துக் காட்டினேன். அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். வெள்ளை மெல்ல மறைந்து கண்ணாடியானது. ஆனால் டிரையர் சூடு தாங்காமல் நடுவில் நின்றுபோனது.

"இது தலைக்கு உள்ளது. லெதருக்கு உள்ளது வேணும்," என்றார் அக்கா. "அந்த பிளாஸ்டிக் சுருக்குத கடையில வச்சிருப்பாவளே, துப்பாக்கி மாதிரி?"

"ஹீட் கன்."

"அதான். எங்க கிடைக்கும்?"

நாக்தேவி தெருவுக்கு இருவரும் சேர்ந்தே போனோம். தெரு முழுக்க டிரில் மெஷின், கிரைண்டர், ரம்பம், போல்ட், நட். ஆண்கள்தான் கூட்டம். ஒரு கடையில் ஏறியதும் கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அக்கா இந்தியில், யாரும் வரவில்லை, எங்களுக்குத்தான் வேண்டும், சூட்டைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி காட்டுங்கள் என்றார். கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பிளக்கில் மாட்டினார். அக்கா அதை வாங்கி, தன் கைப்பையிலிருந்து ஒரு லெதர் துண்டை எடுத்து, அவர் கல்லாவின் மேலேயே வைத்துச் சூடு காட்டத் தொடங்கிவிட்டார். துண்டு அப்பளம் போலச் சுருண்டது. "இது வேண்டாம், வேற." மூன்றாவது மெஷினில் துண்டு சுருளவில்லை. அதைப் பேரம் பேசி வாங்கி முடிக்கும்போது கடைக்காரர் எங்களுக்கு ஸ்டூல் போட்டிருந்தார். வெளியே வந்ததும் அக்கா பெட்டியைப் பிரித்து மெஷினை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். எதிரே வந்த கைவண்டிக்காரர் சட்டென்று இரண்டு கையையும் தூக்கினார். அந்தக் கூட்டத்தில் நின்று நாங்கள் மூவரும் சிரித்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

திரும்பி வரும் வழியில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

"அக்கா, கேட்டேளா, பழைய டின் ஒண்ணுகூட அந்தத் தட்டுல இருக்கப்படாது. அந்த வாடைதான் தீ. இந்த மெஷினைப் போட்டா குப்னு பிடிச்சுடும். ரெண்டுல ஒண்ணுதான்."

அவர் நடப்பதை நிறுத்தினார். "அப்பம் இது ஒட்டலன்னா?"

"ஒட்டும்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீய."

உண்மைதான். அவர் ஹீட் கன் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, மலையாளம் கலந்த என் வீட்டுத் தமிழைக் கேலி செய்து, "நீங்க பேசுறது தமிழா மலையாளமான்னே எனக்கு இன்னும் புரியல. உங்களப் போயி நம்புதேன் பாருங்க," என்று சொல்லி நடக்க ஆரம்பித்தார்.

மறுநாளே எங்கள் வண்டியை வரவழைத்து மிச்சமிருந்த டின்களை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டார். ஜன்னலை மூடியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தார் கணவர். சாரல் அடிக்காமல் இருக்க வெளிப்பக்கம் ஒரு தகரத்தைச் சாய்வாக அடித்தார். பல நாட்கள் மூடிக் கிடந்த தட்டு ஒரு முழு நாள் திறந்து கிடந்தது. அதன் பிறகுதான் ஹீட் கன்னைப் பிளக்கில் மாட்ட விட்டேன்.

முதலாளியிடம் நான் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது. குறைந்த சூட்டிலேயே பிடிக்கிற மாதிரிப் பசையை மாற்ற வேண்டும். அதற்குப் பசை கலக்கும் பெரிய மிக்ஸரில் தனியாக ஒரு முறை ஓட்ட வேண்டும். ஒரு சின்னப் பட்டறைக்காகவா என்றார். ஒரு பட்டறைக்கு இல்லை, அந்தச் சந்து முழுக்கப் பட்டறைகள்தான் என்றேன். அவர் பென்சிலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, சரி, ஒரே ஒரு முறை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மிக்ஸரைக் கழுவி எடுக்கவே ஒரு ஷிஃப்ட் போய்விடும்.

அந்தச் சில வாரங்களில் சனிக்கிழமைதோறும் நான் அந்தத் தட்டில்தான் இருந்தேன். மெஷினை அருகே கொண்டுபோனால் லெதர் சுருங்கியது. தள்ளிப் பிடித்தால் பசை உயிர் பெறவில்லை. ஒரே இடத்தில் நிறுத்தினால் கறுத்தது. நான் பசையில் ஒன்றைக் கூட்டுவேன், அவர் கையின் வேகத்தை மாற்றுவார். சரியாக வந்தால் இரண்டில் எதனால் என்று இருவருக்கும் தெரியாது. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். கடைசியில் ஒரு ஜாண் உயரம், துணிக்கு இஸ்திரி போடுகிற வேகம், சூடு ஆறுவதற்குள் உருளையால் ஓர் அழுத்து என்று வழி பிடிபட்டது.

முதல் பை முடிந்ததும் எங்கள் மெஷினில் இழுத்துப் பார்க்க ஒரு துண்டு கேட்டேன். "உங்க மெஷின் எனக்கு எதுக்கு?" என்று அக்கா பழைய தையல் மெஷின் மோட்டார் ஒன்றைப் பைக்குள் போட்டு, ஏணியின் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டார். கீழே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அதில் தலையை இடித்துக்கொண்டார்கள். வாரம் முழுக்கத் தொங்கியது. பசை விட்டுக் கொடுக்கவில்லை. கணவர் பையைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "தையலே வேண்டாம் போலிருக்கே" என்றார். "எனக்கு வேல இல்லாம ஆக்கிராதீங்க அண்ணே" என்றாள் நாத்தனார்.

தீபாவளி ஆர்டர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாத்தனார் சொன்னாள், சாயங்காலமானால் வரும் தலைவலி இப்போது வருவதில்லை என்று. அக்காவின் மூக்கு மட்டும் அப்படியேதான் இருந்தது. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. இடுப்பு பெல்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்குள் நாத்தனாரும் மெஷின் பிடிக்கப் பழகியிருந்தாள். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சூடு காட்டிக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அக்கா எங்களுக்கு முதுகு காட்டி, மூலையில் உள்துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கருகுது, எடு!"

நாத்தனார் சட்டென்று மெஷினைத் தூக்கினாள். லெதரின் ஓரத்தில் நகம் அளவுக்குக் கறுப்பு. புகைகூட இன்னும் சரியாக எழவில்லை. அவள் லெதரைப் பார்த்தாள். பிறகு அக்காவின் முதுகைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏணியில் நின்ற கணவரும் பார்த்தார்.

அக்கா திரும்பினார். "என்ன, எல்லாரும் என்னையே பாக்கீய?"

"நீ பாக்காம எப்படிச் சொன்ன?" என்றார் கணவர்.

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கருகிய துண்டை எடுத்து மூக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். முடி கருகுகிற மாதிரியான நாற்றம் அது, யாருக்கும் பிடிக்காது. அவர் அதை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"வருது," என்றார். "மச்சான், வருது."

கணவர் மீதி ஏணியையும் ஏறி மேலே வந்தார். நாத்தனார் அழ ஆரம்பித்தாள். "எதுக்குட்டி அழுத? பெல்ட்ட கருக்கினதுக்கா?" என்று அக்கா அவள் தலையில் ஒரு தட்டு தட்டினார். அன்று முழுவதும் அந்தத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, நினைத்த போதெல்லாம் எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக வந்துவிடவில்லை. சில வாரங்கள் காபி மண்ணெண்ணெய் மாதிரி இருந்ததாம். சோப்பு வெங்காயம் மாதிரி. அப்படித்தான் தாறுமாறாகத் தொடங்கும், பொறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொறுத்தார். "ஒழுங்கா மொதல்ல வந்தது சாக்கட தான் மேடம்," என்று ஃபோன் செய்து சொன்னார். "மல்லிப்பூ இன்னும் வரல. வரட்டும், அதுக்கு என்ன அவசரம்." மல்லிப்பூ இன்றுவரை வரவில்லை. கருவாடு வருகிறது, காபி வருகிறது, மழைக்கு முன்னால் மண் வருகிறது. போதும் என்கிறார்.

அந்தச் சந்தில் இப்போது பல பட்டறைகள் எங்கள் வெள்ளைப் பசையை வாங்குகின்றன. எல்லாரும் மாறிவிடவில்லை, அவசர வேலைக்குப் பழையதுதான் தோது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எங்கள் கம்பெனியும் அதை இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் போன மாதம் முதலாளியே என்னிடம் வந்து, அந்த அம்மாவை ஃபேக்டரிக்கு ஒரு நாள் கூட்டி வா, சேல்ஸ் ஆட்களுக்கு ஹீட் கன் பிடிப்பது எப்படி என்று காட்டட்டும் என்றார்.

அக்கா பெருநாளுக்கு எடுத்த புடவையில் வந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட்டை வைத்ததும் என் ஃபோனைப் பிடுங்கி, கேமராவைத் திருப்பி முகத்தைப் பார்த்துக்கொண்டார். மிக்ஸரின் மேல் நடைமேடையில் நின்று, உள்ளே வெள்ளையாகச் சுழல்வதை நெடுநேரம் எட்டிப் பார்த்தார். "எங்க ஊர்ல கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுப் பெரிய அண்டா கிடையாது," என்றார். சேல்ஸ் ஆட்கள் வரிசையாக நின்று கற்றுக்கொண்டார்கள். இரண்டு பேர் லெதரைக் கருக்கினார்கள். அவர்களுக்குத் திருநெல்வேலித் தமிழிலேயே திட்டு விழுந்தது. ஒருவருக்கும் புரியவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள். முதலாளி அவரைத் தன் அறையில் உட்காரவைத்து, டின்னின் மூடியில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். நிறைய உண்டு என்று அவர் தொடங்கினார்.

திரும்பும்போது வாஷியில் மாறினோம். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் அவருக்கு இடம் கிடைத்தது. கழிமுகப் பாலத்தில் வண்டி ஏறியதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, அடுத்து தோள்பை செய்யப்போவதையும், நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதையும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சுனாபட்டியில் இறங்க எழுந்தபோது கையைப் பிடித்தார்.

"ஞாயித்துக்கிழம உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. இடியாப்பமும் தேங்காப்பாலும் செய்யுதேன். பயப்படாதீய, உங்களுக்குன்னு கறி மீன் படாத தனிச் சட்டி வாங்கி வச்சிருக்கேன்."

"வரேன் அக்கா," என்றேன். வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பிக்கு வெளியே அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு மெதுவாக வீட்டுக்கு நடந்தேன்.